தண்ணியும் கொம்பியூட்டரும்: வன்னியிலிருந்து பார்த்த ஒரு குளிரூட்டல் வரலாறு

கொம்பியூட்டருக்குள் தண்ணி ஓட விடலாம் என்று சொன்னால் எங்கட ஊரில் முதலில் சிரிப்பார்கள். பிறகு "கரண்ட் அடிக்காதோ?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தண்ணியும் மின்சாரமும் சேரக்கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லாரையும் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அதே ஆட்கள் வயல் வரம்பில் நிற்கிற லாண்ட்மாஸ்டருக்கு வாளியில் தண்ணி அள்ளி ஊற்றும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. உள்ளே நெருப்பு எரிகிற இயந்திரத்தைச் சுற்றித் தண்ணி நிற்பது அவர்களுக்குப் பழகிப்போன விசயம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நிறநிறமாகத் தண்ணி ஓடுகிற கணினிகளை எங்கட பெடியள் இப்ப யூரியூப்பில் நிறையப் பார்க்கிறார்கள். அதைப்பற்றித் தமிழில் கதைப்பவர்கள் எந்தப் பம்ப் நல்லது, என்ன விலை என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். இந்தத் தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது, அது வளர்ந்த ஆண்டுகளில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைத்தோம். அப்படி வைத்தபோது சில ஆண்டுகள் எங்களைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வைத்தன.

முதலில் சூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். புரொசெசர் எடுக்கிற மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். கணக்குப் போட்டாலும் கேம் விளையாடினாலும் படம் பார்த்தாலும் முடிவு அதுதான். பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பைத் தொட்டுக் கை சுட்டவர்களுக்கு அது என்ன சூடு என்று தெரியும். இன்றைய பலமான புரொசெசர் ஒன்று அதைப்போல் இரண்டு மடங்கை, பெருவிரல் நகத்தளவு இடத்துக்குள் இருந்து தள்ளுகிறது. அதை இழுத்துக்கொண்டு போக ஏதாவது வேண்டும். காற்று மலிவு, ஆனால் சோம்பேறி. ஒரு கிலோ தண்ணியின் வெப்பநிலையை ஒரு பாகை ஏற்ற ஏறத்தாழ 4,186 ஜூல் வேண்டும். ஒரு கிலோ காற்றுக்கு ஆயிரம் ஜூல் சொச்சம்தான். அதுவும் ஒரு கிலோ காற்று என்பது ஒரு பெரிய அலுமாரி நிறையக் காற்று. ஒரு கிலோ தண்ணி ஒரு போத்தல். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வீதம் ஓடும் தண்ணி 300 வாட்ஸ் சூட்டைத் தூக்கினாலும், அது சூடேறுவது நாலு பாகை சொச்சம் மட்டுமே.

அமைப்பு பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. புரொசெசரின் மேல் ஒரு செப்புக் கட்டை, அதற்குள் மயிரிழை போன்ற வாய்க்கால்கள். ஒரு பம்ப். காற்றாடி பூட்டிய ஒரு ரேடியேற்றர். ஒரு சின்னத் தண்ணித் தாங்கி. எல்லாவற்றையும் தொடுக்கும் குழாய். கடையில் மூடி முத்திரையிட்டு வருவதை வாங்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தெரிந்தெடுத்து, குழாயை அளந்து வெட்டி வளைத்துத் தாங்களே பூட்டுவதைத்தான் கஸ்டம் லூப் என்கிறார்கள். குளம், வாய்க்கால், பம்ப் என்று சொன்னால் இரணைமடுவின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இன்னும் லேசாக விளங்கும். ஒரே வித்தியாசம், இங்கே கழிவு வாய்க்காலும் திரும்பக் குளத்துக்கே வந்து சேரும்.

பெரிய இயந்திரங்களின் காலம்

இது கேம் விளையாடுகிறவர்கள் கண்டுபிடித்தது என்று கனபேர் நினைக்கிறார்கள். இல்லை. 1946இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினிக்குள் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன, 150 கிலோவாட்ஸ் மின்சாரம் குடித்தது. அதைப் பெரிய ஊதிகள் வைத்துக் காற்றால்தான் சமாளித்தார்கள். தண்ணி உள்ளே வந்தது 1960களில். ஐபிஎம்மின் சிஸ்டம்/360 வரிசையில் வந்த மொடல் 91 இயந்திரத்துக்குள் குளிர்ந்த தண்ணி ஓடியது. கணினி அறை என்றால் நிலத்துக்குக் கீழே தண்ணிக் குழாய் இருக்கும் என்பது அடுத்த இருபது வருடத்துக்குச் சாதாரண விசயமாகிப்போனது.

1980இல் ஐபிஎம் அறிவித்த 3081 இயந்திரத்தை இந்த வரலாற்றின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்லலாம். நூற்றுக்கு மேற்பட்ட சிப்புகளை ஒரே தட்டில் நெருக்கி வைத்து, ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஒரு சின்ன உலோகப் பிஸ்டனைச் சுருள்வில்லால் அழுத்தி, இடைவெளியை ஹீலியம் வாயுவால் நிரப்பி, மேலே தண்ணி ஓடும் தட்டை வைத்து இறுக்கினார்கள். (சிப் என்றுதான் எழுதுகிறோம். தமிழில் சில்லு என்றும் எழுதுகிறார்கள். எங்களுக்குச் சில்லு என்றால் வண்டியில் பூட்டுவது. நூறு சில்லு என்று எழுதினால் நீங்கள் லொறியை நினைப்பீர்கள்.)

சீமோர் கிரேயின் வழி வேறு. 1976இல் வந்த அவருடைய கிரே-1 இயந்திரத்தை, ஐஸ்பெட்டியில் ஓடுகிற அதே வகைக் குளிர்வாயுவைக் குழாயில் ஓட விட்டுக் குளிராக்கினார்கள். 1985இல் வந்த கிரே-2இல் இன்னும் ஒரு படி மேலே போய், மின்சுற்றுப் பலகைகளை அப்படியே திரவத்துக்குள் தாழ்த்திவிட்டார்கள். புளோரினேற் என்ற அந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்தாது. "கரண்ட் அடிக்காதோ?" என்ற எங்கட ஊர்க் கேள்விக்கு மிக முழுமையான பதில் அதுதான். விலையைக் கேட்டால்தான் ஷொக் அடிக்கும்.

பிறகு எல்லாம் திடீரென்று தேவையில்லாமல் போனது. 1990களின் நடுப்பகுதியில் ஐபிஎம் தன் பெரிய இயந்திரங்களை பைபோலர் வகையிலிருந்து சீமொஸ் வகைச் சிப்புகளுக்கு மாற்றியது. மின்சாரம் குடிப்பது பல மடங்கு குறைந்தது. காற்றே போதும் என்றானது. தண்ணிக் குழாய்களைக் கழற்றிவிட்டார்கள். ஒரு தலைமுறைப் பொறியியலாளர்கள் சேர்த்த அறிவு அலுமாரிக்குள் போனது. அதைத் திரும்ப வெளியே எடுத்தது பெரிய கொம்பனி எதுவுமில்லை, வீட்டுக் கராஜில் இருந்த இளைஞர்கள்.

1998

1998 ஓகஸ்டில் இன்ரெல் செலரோன் 300ஏ என்ற மலிவான புரொசெசரை விட்டது. 66 மெகாஹேர்ட்ஸில் ஓட வேண்டிய அதன் பாதையை 100க்கு ஏற்றினால், 300 மெகாஹேர்ட்ஸ் புரொசெசர் 450இல் ஓடியது. மலிவு விலைச் சாமான், விலை கூடிய சாமானின் வேகம். உண்மையில் அதற்குத் தண்ணி தேவையில்லை, நல்ல காற்றாடியே போதும். ஆனால் அது ஒரு பசியைக் கிளப்பிவிட்டது. இன்னும் ஏற்றலாமா, இன்னும் ஏற்றலாமா என்று போனவர்களுக்குச் சூடுதான் குறுக்கே நின்றது. 2001இல் 1.4 கிகாஹேர்ட்ஸ் ஏஎம்டி அத்லோன் வந்தபோது அது 70 வாட்ஸைத் தாண்டிவிட்டது; அந்தக் காலத்துக் காற்றாடிகள் விமானம் கிளம்புவதுபோல் இரைந்தன.

கடையில் தண்ணிச் சாமான் எதுவும் இல்லை. அதனால் கிடைத்ததை எடுத்தார்கள். மீன்தொட்டிப் பம்ப், அதில் ஜேர்மனியின் எகைம் பம்புகளுக்கு நல்ல பெயர். ரேடியேற்றருக்குப் பழைய கார்களின் ஹீற்றர் கோர், அதாவது குளிர்நாட்டுக் கார்களில் உள்ளே இருப்பவர்களுக்குச் சூட்டுக்காற்று தரும் சின்ன ரேடியேற்றர். 1977 மொடல் பொன்ரியாக் பொனவில் காரின் ஹீற்றர் கோர் என்றால் அந்த வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். செப்புக் கட்டையைத் தாங்களே துளைத்தார்கள். குழாய், ஹார்ட்வெயார் கடைப் பொலித்தீன் குழாய். இன்று பல ஆயிரம் டொலர் செலவழித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற இந்தச் சாமானின் பிறப்பு, பழைய இரும்புக் கடையிலும் மீன்தொட்டிக் கடையிலும்தான் நடந்தது.

அந்தச் செலரோன் வந்து ஒரு மாதத்தில், 1998 செப்ரெம்பரில், கிளிநொச்சி நகரம் இன்னொரு தடவை சண்டையில் கை மாறியது. 1996இலும் அப்படித்தான். வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதிக்கு 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கியதிலிருந்து பொது மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து என்று நீளமான பொருளாதாரத் தடை. ரோச்லைற் பற்றரி என்பது வவுனியாவில் கடைச் சாமான். தாண்டிக்குளத்துக்கு வடக்கே அது ஒரு பாதுகாப்புப் பிரச்சினை. 1995இல் வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்து கடல்நீரேரி கடந்து வந்த ஏராளமான குடும்பங்களும் இதே மண்ணில்தான் கொட்டில் போட்டிருந்தன.

சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோ கேட்டது அந்தக் காலம்தான். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்ததும் அப்போதுதான். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அதற்குள் தேங்காயெண்ணெயோ வேறு எண்ணெயோ கலந்தார்கள். இதை இப்பவும் வீடுகளில் பகிடியாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இதைத் தொழில்நுட்ப வரலாறாகவும் எழுத வேண்டும் என்கிறோம். மண்ணெண்ணெயில் ஓடுகிற பெற்றோல் என்ஜின் வேறுவிதமாகச் சூடாகும், வேறுவிதமாகக் கரி பிடிக்கும். அதைக் காதால் கேட்டே கண்டுபிடித்து, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அமெரிக்காவில் ஹீற்றர் கோரைக் கழற்றிக்கொண்டிருந்த பெடியனுக்கும் புதுக்குடியிருப்பில் வோட்டர் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்த பெடியனுக்கும் கையில் இருந்த அறிவு ஒரே வகைதான். ஒருவனிடம் கணினி இருந்தது.

ஒரு சின்ன இடைச்செருகல். ஹீற்றர் கோர் எங்களுக்குக் கிடைத்திருக்குமா? வெக்கை நாட்டுக்கு அனுப்பிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களில் ஹீற்றருக்குப் பெரிதாக வேலையில்லை. ஆனால் பின்னாளில் ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த வான்களில் பெரும்பாலும் அது இருக்கும். ஜப்பானில் பனி கொட்டும் அல்லவா. டொல்பின் என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் ஹையேஸ் வான் பழைய இரும்புக்குப் போகும்போது, டாஷ்போர்ட்டுக்குக் கீழே பாவிக்காத ஒரு சின்ன ரேடியேற்றரும் அதோடு போகிறது.

பாதை திறந்ததும் மூடியதும்

2002 பெப்ரவரி 22 யுத்தநிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. மற்றச் சாமான்களோடு கணினிகளும் வந்தன. பொது மின்கம்பி இல்லாத ஊரில் ஜெனரேற்றரிலும் சூரியத் தகட்டிலும் கணினி வகுப்புகள் நடந்தன. புலம்பெயர்ந்த தமிழ்த் தொழில்நுட்பவியலாளர்களின் முயற்சியில் கிளிநொச்சியில் வன்னிரெக் நிறுவனம் இயங்கியது. வெளியே கொண்டுபோய் வேலை எடுக்கக்கூடிய அளவுக்குக் கணினியும் ஆங்கிலமும் படிப்பிப்பது அதன் நோக்கம். தார் இல்லாத றோட்டுப் புழுதியும், ஜெனரேற்றரின் ஏறி இறங்குகிற வோல்ற்றேஜும், அடைத்துக்கொண்ட காற்றாடியும்தான் அந்தக் காலத்துக் கணினிகளின் எமன்.

அதே நேரம் உலகத்தில் சூடு ஒரு நெருக்கடியாகிவிட்டது. 2004 பெப்ரவரியில் வந்த இன்ரெல்லின் பிரெஸ்கொற் வகைப் பென்ரியம் 4, 100 வாட்ஸைத் தாண்டியது. அதற்கடுத்து வரவிருந்த தேஹாஸை மே மாதமே கைவிட்டார்கள். வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம் என்ற கனவு சூட்டில் முடிந்தது. ஜூனில் அப்பிள் தன் 2.5 கிகாஹேர்ட்ஸ் பவர்மக் ஜி5 கணினியைத் திரவக் குளிரூட்டலோடு அறிவித்தது. பெரிய கொம்பனி ஒன்று மேசைக் கணினிக்குள் தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பிக் கொடுத்தது பெரிய செய்தி. ஆனால் சில வருடங்களில் அவற்றில் சில ஒழுகத் தொடங்கி, உள்ளே இருந்த உலோகத்தை அரித்துத் தின்றன. 2006 ஓகஸ்டில் வந்த மக் புரோ திரும்பக் காற்றுக்கே போனது. அதே ஓகஸ்ட் மாதம்தான் ஏ9 பாதை மூடப்பட்டது.

இதற்கிடையில் கராஜ் வேலை ஒரு தொழிலாகிவிட்டது. 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் கூலன்ஸ், டென்மார்க்கில் அசெற்றெக், பிறகு சுலோவேனியாவில் ஈகே என்று கொம்பனிகள் கிளம்பின. மீன்தொட்டிப் பம்பின் இடத்தில் 12 வோல்ற் பம்ப் வந்தது. 2009இல் அசெற்றெக் செய்து கோர்செயர் தன் பெயரில் விற்ற எச்50, பம்பையும் செப்புக் கட்டையையும் ஒன்றாக்கித் தண்ணியையும் அடைத்து மூடிக் கொடுத்தது. வாங்கு, பூட்டு, மற. பம்பைக் கட்டையோடு சேர்க்கிற அந்த யோசனைக்காகப் பிறகு நீதிமன்றத்தில் சண்டை பிடித்தார்கள். கூலர் மாஸ்டருக்கு எதிரான வழக்கில் 2014இல் அமெரிக்க யூரி அசெற்றெக் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

2009ஐப் பற்றி நாங்கள் அதிகம் எழுதப்போவதில்லை. ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. நகரத்தின் தண்ணித் தாங்கி உடைந்து ஏ9 ஓரத்தில் சரிந்து கிடந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். மே மாதம் முள்ளிவாய்க்கால். அதற்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பவுசர் வரும்வரை கானோடு வரிசையில் நின்றவர்கள் எங்கட அம்மாமாரும் அக்காமாரும்தான். தண்ணியும் கொம்பியூட்டரும் என்று தலைப்பு வைத்துவிட்டு அதைச் சொல்லாமல் தாண்டிப்போக எங்களால் ஏலாது. அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

வெக்கையும் உப்பும்

யுத்தத்துக்குப் பிறகு வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை 132 கிலோவோல்ட் மின்தொடர் போனது. 2013 செப்ரெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்கு வந்தது. வெளிநாட்டு மாமாவோ சித்தியோ அனுப்பிய காசில் நல்ல கணினி பூட்டுகிற பெடியள் இப்ப எல்லா இடமும் இருக்கிறார்கள்; கேம் மட்டுமில்லை, வீடியோ எடிற்றிங், கட்டட வரைபடம், வெளிநாட்டு வேலை என்று அதில் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் எங்கட இடத்தில் இது சரிவருமா என்ற கேள்வி இப்போது உண்மையான கேள்வி.

ரேடியேற்றர் தண்ணியை அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் ஏலாது. நன்றாகப் பூட்டிய லூப்பில் தண்ணி அறையைவிட ஒரு பத்துப் பாகை கூடுதலாக நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். ஜேர்மனியில் 20 பாகை அறை என்றால் தண்ணி 30. கிளிநொச்சியில் ஒரு ஓகஸ்ட் மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே 35 என்றால் தண்ணி 45. ரேடியேற்றரின் காற்றாடியில் புழுதி படிந்தால் 50ஐயும் தாண்டும். பெற்ஜி என்ற மலிவான கட்டிக் குழாய் 60ஐ நெருங்கும்போது இளகத் தொடங்கும், பூட்டிய இடத்தில் நழுவும். ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதுகிற ஆள் இதைப்பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எங்களுக்கு அது உயிர்ப்பிரச்சினை. இங்கே பூட்டுகிறவர்கள் ரேடியேற்றரை ஒரு அளவு பெரிதாக எடுங்கள், றப்பர் போன்ற மெல்லிய குழாயையே பாவியுங்கள் என்பதுதான் எங்கட அபிப்பிராயம். வடிவு கொஞ்சம் குறையும்.

அறையை விடக் குளிராக்க ஒரு பழைய வழி இருக்கிறது. மண்பானை. பானையில் கசிகிற தண்ணி ஆவியாகும்போது உள்ளே இருக்கிற தண்ணியின் சூட்டைக் கொண்டுபோகிறது. காய்ந்த சோளகக் காற்று வீசும்போது பானைத் தண்ணி ஜில்லென்று இருப்பதும், மாரியில் வாடைக் காற்றோடு ஈரம் கூடினால் அந்தக் குளிர்மை குறைவதும் அதனால்தான். 2000களின் தொடக்கத்தில் சில வெளிநாட்டு ஆர்வலர்கள் இதையே செய்தார்கள்: உயரமான குழாய்க்குள் மேலிருந்து தண்ணியைச் சொட்டவிட்டு, கீழிருந்து காற்றை ஊதி, ரேடியேற்றர் இல்லாமலே அறையை விடக் குளிரான தண்ணி எடுத்தார்கள். சூரியன் காய்கிற வன்னிக் கோடைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் கணக்குப் பாருங்கள். 300 வாட்ஸ் சூட்டை ஆவியாக்கி வெளியேற்ற மணிக்கு அரை லீற்றரளவு தண்ணி போகும். எட்டு மணித்தியாலத்துக்கு நாலு லீற்றர். கிணறு அடி தெரிகிற மாதத்தில் அம்மாவிடம் போய்க் கேட்டுப்பாருங்கள்.

இது வீட்டுக் கணக்கு. உலகத்தின் பெரிய தரவு மையங்கள் பல இதே மண்பானை வேலையைத்தான் கோபுரம் வைத்துச் செய்கின்றன. 2024இல் என்விடியா அறிமுகப்படுத்திய, ஒரே அலுமாரிக்குள் 72 செயலிகளை அடுக்குகிற இயந்திரம் ஏறத்தாழ 120 கிலோவாட்ஸ் எடுக்கிறது. காற்றால் அதைச் சமாளிக்க முடியாது, உள்ளே திரவம் ஓடுகிறது. முழு எனியாக்கின் சூடும் கிட்டத்தட்ட ஒரு அலுமாரிக்குள் வந்துவிட்டது. எங்களுக்குப் பக்கத்தில் சென்னையில் சிறுசேரி, அம்பத்தூர்ப் பக்கம் தரவு மையங்கள் கூடிக்கொண்டே போகின்றன. 2019 கோடையில் ஏரிகள் வற்றித் தண்ணி லொறிக்குப் பின்னால் ஓடிய நகரம் அது. நாளைக்கு இங்கேயும் யாராவது காணி பார்க்க வந்தால், எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதற்கு முன் எத்தனை லீற்றர் என்று கேட்க வேண்டும்.

எங்கட தண்ணியில் உப்புத்தன்மை வேறு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே கல், மயிரிழை வாய்க்காலுக்குள் படிந்தால் சில மாதங்களில் லூப் செத்துவிடும். அதனால் கிணற்றுத் தண்ணி வேண்டாம், குழாய்த் தண்ணியும் வேண்டாம். பற்றரிக்கு ஊற்ற விற்கிற காய்ச்சி வடித்த தண்ணிதான் தேவை. செப்பையும் அலுமினியத்தையும் ஒரே சுற்றில் கலக்காதீர்கள். ஒன்று மற்றதைத் தின்னும். அரிப்பைத் தடுக்க ஊற்றுகிற மருந்து, கார்க் கூலன்ற்றுக்குள் இருப்பதற்குச் சொந்தக்காரன்தான். ஐஸ்கட்டி போட்டால் இன்னும் குளிருமே என்று யோசிக்கிறவர்கள், குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்பக்கம் வேர்ப்பதை நினையுங்கள். அந்த வேர்வை உங்கட மதர்போர்ட்டில் வடியும்.

மேலே சொன்ன ஒவ்வொன்றும், அதாவது உப்புப் படிவது, உலோகம் அரிப்பது, கிளிப் இறுக்குவது, காற்றுக் குமிழியை வெளியேற்றுவது, காற்றடித்து ஒழுக்குப் பார்ப்பது எல்லாம், றோட்டோரக் கராஜில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தம்பிக்கு ஏற்கெனவே தெரியும். ஐடி படிக்கிற தம்பிக்குத் தெரியாது. இருவரும் ஒரே ஒழுங்கையில் இருப்பார்கள், கதைப்பதில்லை. ஒன்றை உத்தியோகம் என்கிறோம், மற்றதைக் கையில் கிறீஸ் பிடிக்கிற வேலை என்கிறோம். பொம்பிளை பார்க்கும்போதும் அந்த வித்தியாசம் தெரியும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஐந்து வருடம் இந்த நாட்டின் பழைய வாகனங்களை ஓட வைத்தவர்கள் அந்தக் கராஜ்காரர்தான். 2022இல் ரூபாய் விழுந்து, டொலர் 200இலிருந்து 360ஐத் தொட்டு, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் போனபோது, கணினிச் சாமான் கிட்டத்தட்ட இரட்டை விலையானது. அப்போது உடைந்ததை எறிந்துவிட்டுப் புதிது வாங்கத்தான் ஐடிக்காரருக்குத் தெரிந்திருந்தது, வாங்கக் காசில்லை.

கஸ்டம் லூப் ஒரு ஆடம்பரம் என்று சொல்கிறவர்களோடு பாதி உடன்படுகிறோம். வெளியில் இருந்து பெட்டியாக இறக்கி, ஆர்ஜிபி லைற் போட்டு, படம் எடுத்துப் போடுவதென்றால் அது கலியாண வீட்டு அலங்காரம்போல ஒன்றுதான். அந்தக் காசுக்கு நல்ல காற்றுக் கூலரும் பெரிய ஹார்ட்டிஸ்க்கும் யூபிஎஸ்ஸும் வாங்கலாம். ஆனால் அதை ஒரு பாடமாக எடுத்தால் கதை வேறு. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பமும் தகவல் தொழில்நுட்பமும் ஒரே வளாகத்துக்குள் படிப்பிக்கிறார்கள். ஒரு பழைய ஹையேஸின் ஹீற்றர் கோர், ஒரு 12 வோல்ற் பம்ப், ஒரு பழைய கணினி, இரண்டு வெப்பமானி. ஒரு வகுப்பிலிருந்து ஈயம் பற்றவைக்கத் தெரிந்த இரண்டு பேர், மற்ற வகுப்பிலிருந்து வெப்பநிலையைப் பதிந்து வரைபடம் போடத் தெரிந்த இரண்டு பேர். ஒரு மாதம் ஓடவிட்டு, காலை, மத்தியானம், இரவு என்று எழுதிவைத்தால், உலர்வலய வெக்கையில் ஒரு லூப் எப்படி நடக்கிறது என்பதற்குத் தமிழில் ஒரு பதிவு கிடைக்கும். எந்த யூரியூப்காரரும் அதைச் செய்து தரமாட்டார்.

யாராவது தொடங்குவதென்றால், மே மாதம் சோளகம் எழும்புவதற்கு முன்பே தொடங்குங்கள். காற்று எழும்பிய பிறகு ரேடியேற்றரைக் கிழமைக்கு ஒருதரம் கழற்றிப் புழுதி ஊத வேண்டிவரும்.